பின்வாங்காத கார்

சுவருக்கும் காரின் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதில் தப்பொன்றும் இல்லை, ஓட்டி வந்தவர் நேரத்துக்கு பிரேக் பிடித்துவிட்டார் என்றுதான் அர்த்தம். ஆனால் காரைப் பின்னால் எடுக்க வழி தெரியாமல் அவர் ரொம்ப நேரமாக உள்ளேயே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஆபீஸில் பாலம் என்று பெயர். வைத்தவர் எம்.டி. பெரிய கார் கம்பெனியும் சின்ன கார் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்வதென்று முடிவானபோது, சின்ன கம்பெனியின் சார்பில் இவரை ஒருங்கிணைப்பாளராகப் போட்டு, "ரெண்டு பேருக்கும் நடுவுல நீங்கதான் பாலம்" என்று முதுகில் தட்டினார். அன்றிலிருந்து இரண்டு பக்கத்துக்காரர்களும் அவர்மேல் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒப்பந்தம் எளிமையானது. இன்ஜினும் கியர்பாக்ஸும் பெரிய கம்பெனி செய்யும். உடம்பு, இருக்கை, விளக்கு, கண்ணாடி எல்லாம் சின்ன கம்பெனி. ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் மூக்கை நுழைக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்கலாம். எழுதிக் கேட்டால் அது ஆட்சேபணை. ஆட்சேபணை வந்தால் இரண்டு எம்.டி.க்களும் உட்கார்ந்து பேச வேண்டும்.

அவர்கள் கடைசியாக உட்கார்ந்து பேசியது கியர் குமிழைப் பற்றி. குமிழின் தலையில் எந்தக் கம்பெனியின் சின்னத்தைப் பதிப்பது என்பதில் ஒரு மழைக்காலமே போய்விட்டது. கடைசியில் இரண்டு சின்னங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பதித்தார்கள். எந்தக் கியர் எங்கே இருக்கிறது என்று காட்டும் கோடுகளுக்கு அதற்கப்புறம் இடமில்லை. ஓட்டத் தெரிந்தவனுக்குக் கோடு எதற்கு என்று இரண்டு எம்.டி.க்களும் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

சின்ன கம்பெனி கார்களில் குமிழுக்குக் கீழே ஒரு மோதிரம் இருக்கும். இரண்டு விரலால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளினால் ரிவர்ஸ் விழும். பாலம் ஓட்டப் படித்த நாளிலிருந்து மோதிரத்தைத் தூக்கித்தான் பின்னால் போயிருக்கிறார். இந்தக் காரில் மோதிரம் இல்லை. குமிழைத் தூக்கிப் பார்த்தார். திருகிப் பார்த்தார். வலது கோடிக்கும் இடது கோடிக்கும் இழுத்துப் பார்த்தார். எல்லா மூலையிலும் ஏதோ ஒரு கியர் விழுந்தது, விழுந்ததெல்லாம் முன்னால் போகிற கியர். ஒவ்வொரு சோதனைக்கும் கார் கொஞ்சம் முன்னால் நகர்ந்ததால், ஒரு சாண் இப்போது நாலு விரற்கடை ஆகியிருந்தது.

பட்டறை மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரியின் அப்பாவும் இதே கம்பெனியில் மேஸ்திரி. அவரும் உட்கார்ந்ததும் முதலில் மோதிரத்தைத்தான் தேடினார். பிறகு குனிந்து இருக்கைக்கு அடியில்கூடப் பார்த்தார்.

"ரிவர்ஸ் இல்லீங்களே சார்."

"நல்லா பாருங்க."

"கியர்பாக்ஸ் அவங்க வேலை. அவங்க வைக்கலைன்னா நம்ம எங்க போயி தேடுறது?"

இதை வெளியே சொல்ல வேண்டாம் என்று பாலம் மேஸ்திரியிடம் கெஞ்சினார். காரணம் இருந்தது. போன கூட்டத்தில் எம்.டி., "கியர்பாக்ஸ் வந்துருச்சே, பாத்தீங்களா?" என்று கேட்டபோது, "பாத்துட்டேன் சார், பிரமாதம்" என்று சொல்லியிருந்தார். அவர் பார்த்தது கியர்பாக்ஸ் வந்த மரப்பெட்டியை. அந்தப் பெட்டி உண்மையிலேயே பிரமாதமாக இருந்தது. அந்தப் பதிலுக்குப் பிறகுதான் எம்.டி. அவரைப் பிரிவு மேலாளர் ஆக்குவதைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னார். ரிவர்ஸ் இல்லாத கியர்பாக்ஸைப் பிரமாதம் என்று வாங்கி வைத்தவரை மேலாளர் ஆக்க மாட்டார்கள், வீட்டுக்கு அனுப்புவார்கள்.

பெரிய கம்பெனி பக்கத்திலும் இவரைப் போல ஒரு ஒருங்கிணைப்பாளர் உண்டு. இவர் பாலம் என்பதால் அவரை இங்கே எல்லாரும் மறுகரை என்றார்கள். மறுகரை கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர், தினமும் ரயிலில் வேலைக்கு வருகிறவர். பாலம் அவரை போனில் பிடித்து, குடும்பம் சௌக்கியமா என்று தொடங்கி, கியர்பாக்ஸில் இருக்க வேண்டிய கியர்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று போகிற போக்கில் கேட்டார். மறுகரை உஷாரானார். இது கேள்வியா, ஆட்சேபணையா என்று கேட்டார். இரண்டும் இல்லை, சும்மா பேச்சுக்கு என்றார் பாலம்.

"சும்மான்னா எல்லாம் இருக்கு" என்று சொல்லி மறுகரை போனை வைத்துவிட்டார்.

இது இத்தோடு நின்றிருந்தால் மென்று விழுங்கியிருக்கலாம். ஆனால் மறுநாள் காரைப் பார்க்க ரசிகர் மன்றம் வருவதாக இருந்தது.

சினிமாவுக்கு மன்றம் இருப்பதுபோல சின்ன கம்பெனியின் பழைய வேகக் கார்களுக்கும் ஒரு மன்றம் இருந்தது. கூட்டு அறிவிப்பு வந்த அன்றே மன்றத்தார் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிக் கார் ஓட்டினார்கள். மன்றத் தலைவர் ஒரு பல் டாக்டர். வீட்டில் சின்ன கம்பெனியின் பழைய கார்கள் மூன்று வைத்திருப்பவர், வேறு கம்பெனி காரில் லிஃப்ட் கிடைத்தாலும் நடந்தே போகிறவர். "பெரிய கம்பெனி செய்வது கார் அல்ல, சக்கரம் வைத்த அலமாரி. அந்த அலமாரிக்கு நம் வீட்டுப் பெண்ணைக் கொடுக்கிறார்கள்" என்று மன்றத்தின் இணையப் பக்கத்தில் எழுதினார். தன்னிடம் பல் பிடுங்க வருகிறவர்களிடமும், வாய் திறந்திருக்கும்போது, இந்தக் கூட்டு நியாயமா என்று கேட்பாராம். யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

பல் டாக்டர் நல்லபடியாக எழுதினால் கார் விற்கும், இல்லையென்றால் இரண்டு கம்பெனியும் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று எம்.டி. சொல்லியிருந்தார். எழுத வைக்கிற பொறுப்பு பாலத்துடையது.

பாலம் ஒரு திட்டம் போட்டார். சோதனை மைதானத்தில் வட்டமாக ஓர் ஓடுபாதை உண்டு. பல் டாக்டர் அதில் ஓட்டட்டும், சுற்றி வந்து அகலமான இடத்தில் நிறுத்தட்டும், இறங்கிக் கைகொடுக்கட்டும். பின்னால் போகிற பேச்சே வராது. சுற்றிலும் நின்ற வண்டிகளை எல்லாம் அப்புறப்படுத்தி, தரையில் சுண்ணாம்பால் அம்புக்குறி போட வைத்தார். எல்லா அம்பும் முன்னால் காட்டின.

மறுநாள் பல் டாக்டர் இரண்டு சுற்று ஒழுங்காக ஓட்டினார். மூன்றாவது சுற்றில் அம்பை எல்லாம் மிதித்துக்கொண்டு கேண்டீனைப் பார்த்துத் திரும்பினார். கேண்டீனுக்கு ஆளுயரக் கண்ணாடிச் சுவர். காரில் தான் எப்படித் தெரிகிறோம் என்று பார்க்காத ரசிகர் இந்த உலகத்தில் இல்லை என்பது பாலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. கார் கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டோடு எழுந்து பின்வாங்கினார்கள்.

பாலம் ஓடினார். மன்றத்தாரும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். பல் டாக்டரின் விரல்கள் குமிழுக்கு அடியில் மோதிரத்தைத் துழாவிக்கொண்டிருந்தன.

"ரிவர்ஸ் எங்கங்க?"

தெரியாது என்றால் வேலை போய்விடும், மறந்துவிட்டார்கள் என்றால் கார் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா என்று பாலம் தேடினார்.

"இல்லீங்க."

"இல்லைன்னா?"

"வைக்கல. வேணும்னுதான்."

"எதுக்கு?" என்றார் பல் டாக்டர்.

"எடை." அது போதாது என்று பட்டதால், "ஸ்போர்ட்ஸ் கார் பின்னாடி எதுக்குங்க போகணும்?" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பல் டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தக் கேள்விய எந்தக் கம்பெனியாவது கேக்குமான்னு நான் வயசு முழுக்கக் காத்துக்கிட்டிருந்தேங்க."

எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரத்தில், ஓர் உறுப்பினர் காரின் பின்பக்கம் குனிந்து, இரண்டு சிவப்பு விளக்குகளுக்கு நடுவில் இருந்த சின்ன வெள்ளை விளக்கைச் சுட்டிக்காட்டினார். அது ரிவர்ஸ் விளக்கு. சின்ன கம்பெனியின் விளக்குப் பிரிவு வழக்கப்படி வைத்தது. ரிவர்ஸே இல்லையென்றால் இது எதற்கு என்று கேட்டார்.

"அது நினைவுச்சின்னம்" என்றார் பாலம். "போன கியருக்கு."

அப்படி ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. மன்றத்தார் தலைகுனிந்து நின்றார்கள். கேட்ட உறுப்பினர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு காரைக் கண்ணாடிச் சுவரிலிருந்து தள்ளி எடுப்பதற்கு, நான் நீ என்று போட்டி போட்டார்கள்.

அன்று சாயங்காலமே பல் டாக்டர் எழுதிவிட்டார். கூட்டு நியாயம்தான் என்றும், இரண்டு கம்பெனிகள் சேர்ந்தால்தான் இப்படி ஒரு துணிச்சல் வரும் என்றும், அலமாரி என்று திட்டியதை வாபஸ் வாங்குவதாகவும் எழுதினார். கறுப்புப் பட்டைகளை அவிழ்த்தார்கள். பின்னால் பார்க்கிற கண்ணாடியையும் எடுத்துவிட வேண்டும் என்று மன்றத்தில் ஒரு கோஷ்டி கிளம்பியது. விட்டுவந்ததைத் திரும்பிப் பார்ப்பதும் மரியாதைதான் என்று இன்னொரு கோஷ்டி. இரண்டு கோஷ்டிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. ரிவர்ஸ் வேண்டும் என்று கேட்ட ஒரே ஓர் ஆளை, அவர் பெண்டாட்டி பேரில் எழுதுகிறார் என்று கண்டுபிடித்து மன்றத்தை விட்டு நீக்கினார்கள்.

எம்.டி. கூப்பிட்டனுப்பினார். பாலம் வேலையை விட்டுப் போவதற்கான வார்த்தைகளை மாடிப்படி ஏறும்போதே மனப்பாடம் செய்துகொண்டு போனார்.

"ரிவர்ஸ் வேண்டாம்னு யாரு சொன்னது?"

பாலம் மனப்பாடம் செய்து வந்ததைச் சொல்ல வாயெடுத்தார்.

"நாந்தான் சொன்னேன்னு ஞாபகம்" என்றார் எம்.டி. "காலையிலேர்ந்து புக்கிங் ஓயல."

"ஆமாம் சார். நீங்கதான் சொன்னீங்க."

பாலம் பிரிவு மேலாளர் ஆனார்.

பெரிய கம்பெனிக்காரர்கள் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. பிறகு மறுகரை போன் செய்து, தங்கள் இன்ஜினியர்கள் முதலில் அதிர்ச்சி அடைந்ததாகவும், இப்போது உங்கள் துணிச்சலைப் பாராட்டுவதாகவும் சொன்னார். வைக்காமல் விட்டது அவர்கள், துணிச்சல் மட்டும் எப்படி நம்முடையது என்று பாலத்துக்குப் புரியவில்லை. பெரிய மனிதர்களின் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு, உங்கள் துணிச்சல்தான் பெரிது என்று பதிலுக்குச் சொன்னார். மறுகரைக்கும் அது புரியவில்லை. எழுதிக் கேட்டால் ஆட்சேபணை ஆகிவிடும் என்பதால் இரண்டு பேரும் நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

சட்டப் பிரிவில் ஒருத்தர் விதிப் புத்தகத்தோடு வந்தார். எந்த வண்டியும் பின்னால் போகக்கூடியதாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். ஆனால் யார் பலத்தில் என்று விதியில் இல்லை என்பதையும் அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். அதனால் காரின் முன்பக்கம் தள்ளுவதற்கு வசதியாக ஒரு பளபளப்பான கைப்பிடி வைத்தார்கள். அதற்குத் தள்ளுபிடி என்று பெயர் வைக்கலாம் என்று ஒருத்தர் சொன்னதை விற்பனைப் பிரிவு உடனே மறுத்துவிட்டது. விளம்பரத்துக்குப் 'பின்வாங்காத கார்' என்று போட்டார்கள். பாலத்தின் படமும் அதில் இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

வினை அங்கிருந்துதான் வீட்டுக்கு வந்தது. ரிவர்ஸை ஒழித்த மனிதர் இந்தக் காரோடு எப்படி வாழ்கிறார் என்று மன்றத்தார் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்கள். அந்தக் காரையே பாலத்தின் வீட்டுக்கு அனுப்பி, ஒரு மாதம் ஓட்டிவிட்டு அனுபவத்தைச் சொல்லச் சொன்னார் எம்.டி.

பாலத்தின் வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. கேட்டைத் திறந்தால் ஒரு கார் பின் ஒரு காராக நிறுத்தும்படி நீளமான சிமெண்ட் தரை, அதன் முடிவில் மதில். சாயங்காலம் மூக்கை உள்ளே விட்டு நிறுத்தினால் காலையில் ஆள் வைத்துத்தான் வெளியே தள்ள வேண்டும். முதல் நாள் அவர் மனைவியும் எதிர்வீட்டு டெய்லரும் தள்ளினார்கள். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இஸ்திரி போட்ட புடவையோடு தள்ளிவிட்டு, கசங்கிய புடவையோடு பஸ் ஏறினாள்.

"முன்னாடி மட்டும்தான் போகும்னா, வீட்டுக்குள்ள எதுக்கு வருது?" என்று மட்டும் கேட்டாள்.

டெய்லர் இரண்டு நாள் தள்ளினார். மூன்றாம் நாளிலிருந்து அவர் வீட்டுக் கதவு எட்டு மணிக்கு மேல்தான் திறந்தது. பாலம் யோசித்தார். கார் பின்னால் போகாது, சரி. வீடு வழிவிட்டால் என்ன? ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுப் பின்பக்க மதிலைக் கார் அகலத்துக்கு இடிக்கச் சொன்னார். இனி முன்தெருவில் நுழைந்து பின்தெருவில் வெளியே போகலாம், யாரும் தள்ள வேண்டாம். அன்று ஒரு நாள் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலை ஒரு பால் வண்டி முன்கேட்டில் நுழைந்து, பாலத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பின்தெருவில் வெளியேறியது. முட்டுச்சந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒருவழியாகத் திறந்துவிட்டது என்று தெருவே சந்தோஷப்பட்டது. பள்ளிக்கூட வேன் வந்தது. ஒருத்தர் சைக்கிளை நிறுத்தி, இந்த வழி ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்குமா என்று பாலத்தின் மனைவியைக் கேட்டார். அவள் நேராக உள்ளே வந்து, கொத்தனாருக்கு அவளே போன் செய்தாள். மதிலை மறுபடி எழுப்பினார்கள். தெருக்காரர்கள் பாலத்தோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள், அதனால் தள்ளுவதற்கும் இனி யாரும் வர மாட்டார்கள்.

பாலம் கடைசியில் எம்.டி.யிடம் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தார். வேண்டும் என்கிறவர்களுக்கு மட்டும், பேருக்கு ஒரு சின்ன ரிவர்ஸ் வைத்துக் கொடுக்கச் சொல்லிப் பெரிய கம்பெனியைக் கேட்கலாமா என்றார். எம்.டி. அவரை உட்காரச் சொன்னார். அது நல்லதுக்கு அறிகுறியில்லை.

"புக் பண்ணவங்க எல்லாரும் எதுக்காகப் பண்ணிருக்காங்க தெரியுமில்ல? ரிவர்ஸ் இல்லைன்னுதான். அந்தக் கார்ல ரிவர்ஸ் இருக்குன்னு ஒரு பேச்சு வெளிய வந்துச்சுன்னா, அன்னிக்கே உங்களுக்கு இங்க வேலை இல்ல."

பாலம் படியிறங்கி வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தார். முதலில் ரிவர்ஸ் இல்லையென்றால் வேலை போயிருக்கும். இப்போது இருந்தால் போய்விடும். இல்லாமலே இருப்பது எவ்வளவோ மேல் என்று அன்றிலிருந்து தினமும் காலையில் தனியாகவே தள்ளினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. அதையும் 'உடம்புக்கு நல்ல பயிற்சி' என்று மன்றத்துக்கு எழுதினார்.

இந்த நேரம் பார்த்து மாமனார் வந்து சேர்ந்தார்.

மாமனார் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர். அதிகம் பேச மாட்டார், யாருக்கும் சிரமம் கொடுக்க மாட்டார். அவரிடம் குறை என்று பாலம் கண்டது ஒன்றே ஒன்றுதான், அவர் வைத்திருந்தது பெரிய கம்பெனி கார். கல்யாணமான புதிதில், "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க மாப்பிள்ளை" என்று சாவியை நீட்டினார். சின்ன கம்பெனி உப்பைத் தின்கிறவன் அதைத் தொடுவதா என்று பாலம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து மாமனார் எப்போது வந்தாலும் மரியாதைக்கு ஒரு தரம் சாவியை நீட்டுவார், பாலம் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார், மாமனார் சாவியைப் பையில் போட்டுக்கொள்வார். மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. அப்பா கற்றுக்கொடுக்கிறேன் என்றபோது, நம் கம்பெனி காரில் நானே கற்றுக்கொடுக்கிறேன் என்று தடுத்தவர் பாலம். இன்னும் கற்றுக்கொடுக்கவில்லை.

இந்த முறையும் மாமனார் சாவியை நீட்டினார், பாலம் கையைக் கட்டிக்கொண்டார். பழைய கார் மதிலோரம் உள்ளே போய் நின்றது. மறுநாள் காலை மாப்பிள்ளை தன் காரின் கைப்பிடியைப் பிடித்து முக்கித் தள்ளுவதை மாமனார் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மகளிடம் விசாரித்தார்.

"அது அவங்க கம்பெனி பழக்கம்ப்பா" என்றாள் மகள். அவளுக்கு அதை விளக்குகிற தெம்பு இல்லை.

மாப்பிள்ளையின் கம்பெனி விஷயத்தில் தலையிடுவது மரியாதையில்லை என்று மாமனார் அதோடு விட்டுவிட்டார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. மன்றத்தார் மொத்தமாக வீட்டுக்கு வந்து, பாலத்துக்கு ஒரு கேடயம் கொடுத்துவிட்டு, காரைத் தங்கள் கையால் வெளியே தள்ளப் போவதாக ஏற்பாடு. கேடயத்தில் 'பின்வாங்காதவர்' என்று பொறித்திருந்தார்கள். எம்.டி.யும் வருவதாகச் சொல்லி, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். முட்டுச்சந்து முழுக்க ஆட்கள். எல்லார் கையிலும் போன், எல்லா போனும் காரைப் பார்த்தபடி. பேசாமலிருந்த தெருக்காரர்கள்கூட மொட்டைமாடிகளில் நின்றார்கள்.

பாலம் உள்ளே புதுச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். இத்தனை நாளில் முதல்முறையாக அவர் மனது லேசாக இருந்தது. இன்றைக்குத் தள்ள ஆள் இருக்கிறது. கேடயம் வந்துவிட்டால் அப்புறம் அவரை யாரும் அசைக்க முடியாது. கண்ணாடி முன்னால் நின்று, விளம்பரப் படத்தில் போல ஒருதரம் கையைக் கட்டிப் பார்த்துக்கொண்டார்.

மாமனாருக்குக் கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. அவர் கார் மதிலோரம் நிற்க, வழியை அடைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் கார் நின்றது. மகள் வந்தவர்களுக்கெல்லாம் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு கூட்டமே காத்துக்கொண்டிருந்தது. இதற்காகப் போய் யாரையும் தொந்தரவு செய்வானேன் என்று நினைத்து, கதவோரம் ஆணியில் தொங்கிய மாப்பிள்ளையின் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு மாமனார் இறங்கிப் போனார்.

இன்ஜின் கிளம்பும் சத்தம் பாலத்துக்குக் கேட்டது. மன்றத்தார் ஆர்வத்தில் கிளப்பிவிட்டார்கள் போல என்று நினைத்தார். அடுத்தாற்போல் மெல்லிய ஊளை மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அந்தக் காரில் அந்தச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தார்.

நினைவுச்சின்னம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

கார் பின்னால் வந்தது. அவசரமில்லாமல், ஒரே சீராக, கேட்டைத் தாண்டி வந்தது. கைப்பிடியைப் பிடிக்கத் தயாராகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். கார் தெருவில் அழகாக வளைந்து, டெய்லர் வீட்டுச் சுவரோரம் ஒட்டினாற்போல நின்றது. வெள்ளை விளக்கு அணைந்தது.

எம்.டி. பாலத்தைப் பார்த்தார். பல் டாக்டர் கேடயத்தைத் திருப்பி, எழுத்துகள் தன் சட்டைப் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டார். அன்று கேண்டீன் வாசலில் தொப்பியைக் கழற்றியவர், கையிலிருந்த தொப்பியை எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்.

மாமனார் இறங்கினார். கூட்டத்துக்கு நடுவில் நடந்து வந்து, வழக்கம்போலச் சாவியை நீட்டினார். பாலத்துக்குக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. முதல்முறையாக மாமனார் நீட்டிய சாவியை வாங்கிக்கொண்டார்.

"எல்லாரும் ஏன் இப்படிப் பாக்குறாங்க மாப்பிள்ளை? குமிழைக் கீழ அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளினா ரிவர்ஸ் விழப்போகுது. என் வண்டியில முப்பது வருஷமா அப்படித்தான். நீங்கதான் ஒருநாள்கூட அதைத் தொட்டுப் பாக்கலையே."